ஹோடனுக்கு விடு

கல்யாணம் கட்டி இருபது வருடமாகியும் றொஜன் தன் மனைவி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்ததில்லை. அவனுடைய வேலையை அவள் பார்த்திருக்கிறாள். அவன் லண்டன் பஸ் ஓட்டுகிறவன். ஜெஸ்ரின் எத்தனையோ தரம் அவனுடைய பஸ்ஸில் ஏறி, கார்டைத் தட்டிவிட்டு, தெரியாத ஆளைப்போல முன் சீட்டில் இருந்து வந்திருக்கிறாள். அவளுடைய மைதானத்துக்குத்தான் அவன் போனதே இல்லை. சனிக்கிழமைகளில் அவனுக்கு ஷிப்ட் இருக்கும், இல்லாவிட்டால் நித்திரை இருக்கும்.

ஜெஸ்ரின் ரெய்னர்ஸ் லேன் பக்கத்தில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அங்கே பெண் பிள்ளைகளின் லக்ரோஸ் அணிக்கு அவள்தான் கோச். லக்ரோஸ் என்றால் நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நுனியில் சின்ன வலை கட்டிய தடி ஒன்று ஒவ்வொருத்தியின் கையிலும் இருக்கும். பந்தை அந்த வலைக்குள் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், எறிய வேண்டும், பிடிக்க வேண்டும், கடைசியில் எதிரணியின் கோலுக்குள் போட வேண்டும். இந்த நாட்டில் அது பெரும்பாலும் வசதியான பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிக்கூடங்களின் விளையாட்டு. றொஜனுக்கும் இதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அந்த மாசி மாதச் சனிக்கிழமை, பள்ளிக்கூட வானை ஓட்ட வேண்டிய ஆசிரியருக்கு முதுகு பிடித்துவிட்டது. பெரிய வாகன லைசன்ஸ் உள்ள இன்னொரு ஆள் அவசரமாக வேண்டும். றொஜனிடம் லைசன்ஸ் இருந்தது. கோயில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்காக எடுத்த பொலிஸ் செக் பத்திரமும் இருந்தது. ஜெஸ்ரின் கேட்ட உடனே ஓம் என்றான்.

அப்படி உடனே ஓம் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அன்றைய போட்டி ஸ்ட்ரெதம், குரொய்டன் எல்லாம் தாண்டி, லண்டனின் தெற்கு ஓரத்தில் இருக்கிற ஒரு தனியார் பெண்கள் பள்ளிக்கூடத்தில். அந்தப் பள்ளிக்கூடம்தான் ஜெஸ்ரினைத் தங்கள் லக்ரோஸ் பகுதி முழுவதுக்கும் தலைவியாக வரச்சொல்லிக் கேட்டிருந்தது. சம்பளம் கூட. அதைவிட முக்கியம், வளவுக்குள்ளேயே குடியிருக்க ஒரு வீடு. போட்டி முடிந்து புறப்படுவதற்கு முன் பதில் சொல்வதாக ஜெஸ்ரின் ஒத்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் என்று வீட்டில் வாய் திறக்கவில்லை.

றொஜனுக்கு என்ன பதில் வேண்டும் என்பது வீட்டுச் சுவருக்கும் தெரியும். கோழி பொரித்து விற்கும் கடைக்கு மேலே வாடகை வீடு. யன்னலைத் திறந்தால் எண்ணெய் மணம், பூட்டினால் ஈரம். மகன் லெஸ்டரில் படிக்கப் போய்விட்டான். இவனுக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. "இனி எனக்கு நைட் பஸ் ஏலாது, ஜெஸ்ரின்" என்று தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மறுத்துப் பேசமாட்டாள், ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். இன்றைக்குக் கூடவே போனால் வீட்டையும் ஒரு தரம் பார்க்கலாம், கடைசி நேரத்தில் ஒரு தள்ளும் தள்ளலாம் என்று நினைத்துத்தான் வான் திறப்பை வாங்கினான்.

வானுக்குள் பதினைந்து பிள்ளைகள், அவர்களுடைய தடிகள், ஒரு பெட்டி தோடம்பழம். ஜெஸ்ரின் கடைசி வரிசையில் ஒரு பிள்ளையின் விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். றொஜனுக்குப் பின்னால் இருந்தவள் டிலக்சனா. இந்தத் தவணைதான் அணியில் சேர்ந்தவள். தாய் தகப்பன் பருத்தித்துறை ஆட்கள், வீட்டில் தமிழ்தான். அவளுக்குப் பக்கத்தில் ஹோடன் என்ற நெட்டையான சோமாலியப் பிள்ளை. அணித் தலைவி அவள்தான்.

வான் ஓடத் தொடங்கியதும் டிலக்சனா தலையை நீட்டி, மிஸ் எப்படி இந்த விளையாட்டுக்கு வந்தா என்று கேட்டாள். தங்களுக்கு மிஸ் சொல்லவே மாட்டாவாம்.

றொஜன் சொன்னான். ஜெஸ்ரின் பத்து வயதில் குருநகரிலிருந்து வந்தவள். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் வளர்ந்தவள். யூனிவர்சிட்டிக்குப் போன முதல் கிழமை, வலைப்பந்து அணியில் பேர் கொடுக்கப் போயிருக்கிறாள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு மேசை போட்டு ஆள் சேர்க்கிறார்கள், வலைப்பந்து மேசையில் கூட்டம். பக்கத்து மேசைக்கு ஒருவரும் வரவில்லை. அங்கே நின்ற ஒரு பிள்ளை இவள் கையில் ஒரு தடியைத் திணித்துவிட்டுப் பந்தை எறிந்திருக்கிறாள். பந்து வந்து வலைக்குள் விழுந்தது. "அது தானா விழுந்ததோ நான் பிடிச்சனோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்பாள் ஜெஸ்ரின்.

வீட்டில் வலைப்பந்து விளையாடுகிறேன் என்றே சொல்லி வைத்தாள். வலையும் இருக்கிறது, பந்தும் இருக்கிறது, பொய் இல்லைத்தானே. தகப்பன் செபமாலைமுத்து பூசை முடிந்து நிற்கிற ஆட்களிடமெல்லாம் மகள் யூனிவர்சிட்டிக்கு வலைப்பந்து விளையாடுகிறாள் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தார். கடைசி வருடம் சொல்லாமல் கொள்ளாமல் பார்க்கப் போய்விட்டார். மழை. முழங்கால் வரைக்கும் சேறு. மகள் தடியோடு ஒருத்தியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள்.

"மாமா என்ன சொன்னவர் தெரியுமோ? பிள்ளை, இது வலைப்பந்து இல்லை, றால் அள்ளுற அத்தாங்கோட நடக்கிற சண்டை எண்டார்."

அத்தாங்கு என்றால் என்ன என்று டிலக்சனாவுக்கே தெரியவில்லை. கையால் அள்ளுகிற சின்ன வலை என்று விளங்கப்படுத்த, அவள் ஹோடனுக்குச் சொல்ல, வானின் கடைசி வரிசை வரைக்கும் சிரிப்புப் போய்ச் சேர்ந்தது.

மிச்சத்தை அவன் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டான். இங்கிலாந்து அணித் தேர்வுக்கு அவள் இரண்டு தரம் போனாள். இரண்டு தரமும் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "நான் விளையாடுறதைவிட மற்றவை விளையாடுறது எனக்கு வடிவாத் தெரியுதப்பா." அது தோற்ற ஆளின் ஆறுதல் கதை என்றுதான் அவன் அன்றைக்கு எடுத்துக்கொண்டான். பிறகு நீச்சல் தடாகத்தில் வேலை, ஆசிரியப் பயிற்சி, இந்தப் பள்ளிக்கூடம். இங்கே லக்ரோஸ் என்ற சொல்லே இருக்கவில்லை. கிளப்புகள் கழித்துவிட்ட தடிகளை ஊருக்குக் கொண்டு போகும் சூட்கேஸில் அடுக்கி டியூப் ரயிலில் இழுத்துக்கொண்டு வந்தாள். வலை அறுந்த தடிகளைக் கோழிக்கடைக்கு மேலே இருந்து இரவு இரவாகக் கட்டினாள். அதுவும் அவனுக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. கதிரை முழுக்க நூல்.

பள்ளிக்கூட வாசலுக்குள் வானைத் திருப்பியதும் றொஜன் வீட்டைக் கண்டுவிட்டான். மைதானத்துக்கு அந்தப் பக்கம், சிவப்பு ஓடு, வெள்ளை யன்னல், பின்னால் ஒரு அப்பிள் மரம். யாரும் சொல்லத் தேவையில்லை, அதுதான். படி இல்லை. கீழே கடை இல்லை. காலையில் கதவைத் திறந்தால் புல். அவன் வானை அந்த வீடு தெரிகிற மாதிரித் திருப்பி நிறுத்தினான்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் மிஸிஸ் பெல்லமி வந்து கை கொடுத்தா. நல்ல மனுசி. வானோட்ட வந்தவன் என்று பார்க்காமல் அவனையும் உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தா. அந்த வீட்டுக்குப் புதிதாக வெந்நீர் பொயிலர் போட்டிருப்பதாகவும் சொன்னா. றொஜன் கோப்பையோடு மைதான ஓரத்தில் வந்து நின்றபோது அவன் மனம் அந்த வீட்டுக்குள் கதிரை மேசை போட்டு முடித்திருந்தது.

விசில் ஊதியது. முதலில் அவன் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு குரல் அவனைத் திருப்பியது.

"கிட்ட. கிட்ட. நில்."

தமிழ். கத்தியது ஹோடன்.

அவன் கோப்பையை இறக்கினான். அந்தப் பக்கத்தில் கிஞ்சல் என்ற குஜராத்திப் பிள்ளை "விடு, விடு" என்று கத்த, போலந்துப் பிள்ளை ஒருத்தி பந்தை அவளுக்கு எறிந்தாள். எறிந்துவிட்டு அவளும் "கிட்ட" என்று கத்திக்கொண்டு ஓடினாள். லண்டனின் ஒரு மூலையில், நூறு வருடம் பழைய செங்கல் கட்டிடத்துக்கு முன்னால், தமிழ் தெரியாத பிள்ளைகள் தமிழில் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். றொஜனுக்குக் கை மயிர் எழும்பியது. இதை அவள் ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லையே என்று யோசித்தான். பிறகு, தான் ஒரு நாளும் கேட்டதில்லையே என்றும் யோசித்தான்.

பக்கத்தில் சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்த மாற்று ஆட்டக்காரி ஒருத்தி விளங்கப்படுத்தினாள். ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்கு விளங்கிவிடும். ஒரு நாள் மிஸ் அவசரத்தில் தமிழில் விடு என்று கத்தியிருக்கிறா. எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. இப்போது மூன்று சொல். கிட்ட என்றால் நெருங்கு. நில் என்றால் அவளை மறித்து நில். விடு என்றால் பந்தை எறி.

ஜெஸ்ரின் கோட்டுக்கு வெளியே நின்றாள். வீட்டில் குரல் உயர்த்தாதவள், இங்கே அடிவயிற்றிலிருந்து அந்த மூன்று சொல்லையும் மைதானம் முழுக்க எறிந்துகொண்டிருந்தாள். ஒரு பிள்ளை வெளியே வந்தால், வந்த உடனே அவளிடம் ஒரு கேள்வி. "நீ என்ன கண்டனீ?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஆனால் றொஜன் காதில் தமிழாகவே விழுந்தது. தான் கண்டதை முதலில் சொல்லமாட்டாள். அந்தப் பிள்ளை மூச்சு வாங்கி, யோசித்து, இடது பக்கம் ஆளில்லை மிஸ் என்று சொல்லும் வரைக்கும் நிற்பாள். பிறகுதான் தலையாட்டுவாள்.

இதே கேள்வியைத்தான் அவன் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அவள் கேட்பாள். இண்டைக்கு என்ன கண்டீங்கள்? அவன் ஒண்டுமில்லை என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றுவான். வாய்க்கு வந்ததைக் கேட்கிறாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

பந்தை வைத்திருக்கும் பிள்ளைகள் ஏணையில் பிள்ளையை ஆட்டுவதுபோல் தடியை ஆட்டிக்கொண்டே ஓடினார்கள். ஆட்டாவிட்டால் பந்து விழுந்துவிடுமாம். சறுக்கினார்கள், விழுந்தார்கள், எழும்பி ஓடினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து விளையாடுகிறவர்கள். தடி அவர்களுக்குக் கையில் முளைத்ததுபோல் இருந்தது. என்றாலும் மூன்றாவது பகுதி முடியப் போகும்போது இரண்டு அணியும் சமன். நாலு பகுதி விளையாட வேண்டும்.

அப்போதுதான் அது நடந்தது.

பந்து நிலத்தில் உருண்டு டிலக்சனாவுக்கு நேரே வந்தது. தங்கள் கோலுக்குப் பக்கத்தில். எதிரணிப் பிள்ளை ஒருத்தி பின்னால் ஓடி வருகிறாள். அந்தப் பக்கத்தில் ஹோடன் தனியாக நிற்கிறாள். ஜெஸ்ரின் கத்தினாள்.

"ஹோடனுக்கு விடு."

டிலக்சனா விட்டாள். தடியை ஒதுக்கி, ஒரு அடி விலகி, உருண்டு வந்த பந்தை அப்படியே போக விட்டாள். அள்ளி ஹோடனுக்கு எறிவாள் என்று மைதானமே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் வந்தவள் அதை அள்ளிக்கொண்டு இரண்டு எட்டில் கோலுக்குள் போட்டாள்.

விசில். மூன்றாவது பகுதி முடிந்தது.

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கிஞ்சல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, என்ன செய்கிறாய் என்று டிலக்சனாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். போலந்துப் பிள்ளை தடியைப் புல்லில் குத்தினாள். டிலக்சனா பல்லுக்குப் போட்ட ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அந்தத் திடலில் விளங்கிய ஒரே ஆள் றொஜன்தான். அவன் வீட்டிலும் அந்தச் சொல் அப்படித்தான். அவனுக்குக் கோபம் வரும்போதெல்லாம் ஜெஸ்ரின் சொல்வது, விடுங்கோ. போகட்டும், தொடாதீங்கோ என்று அர்த்தம். தமிழ் தெரியாத பதினாலு பிள்ளைகளுக்கு விடு என்றால் எறி. வீட்டில் தமிழ் பேசுகிற ஒருத்திக்கு மட்டும் ஹோடனுக்கு விடு என்றால், நீ தொடாதே, ஹோடன் எடுக்கட்டும்.

பஸ் டிப்போவில் ஒரு பிழை நடந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். முதலில் யார் என்று கேட்பார்கள். ஜெஸ்ரின் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க அவன் அவர்களுக்குக் கிட்டப் போய் நின்றான்.

அவள் எல்லாரையும் வட்டமாக இருத்தினாள். ஈரப் புல்லில் தானும் இருந்தாள். தோடம்பழத்தை உரித்து முதல் துண்டை டிலக்சனாவின் கையில் கொடுத்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"நான் என்ன சொன்னனான்?"

"விடு எண்டு."

"நீ என்ன செய்தனீ?"

"விட்டனான்."

"அப்ப நான் சொன்னதைத்தானே செய்திருக்கிறாய். இதில என்ன அழுகை?"

டிலக்சனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். ஜெஸ்ரின் மற்றவர்கள் பக்கம் திரும்பி, நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். உங்களுக்கு ஒன்றைத்தான் சொல்லித் தந்திருக்கிறேன். இவளுக்கு இரண்டும் தெரியும். எங்களுக்குள் அதிகம் தெரிந்தவள் இவள், அதனால் பந்து போனது. இவள் வந்து ஒரு தவணை ஆகிறது, நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. பிழை என்னுடைய வாயில் இருக்கிறது. இனி அந்தச் சொல் வேண்டாம். வேறு சொல் தாருங்கள், நேரம் போகிறது.

குரலில் கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. பஞ்சர் போன சில்லைக் கழற்றி மாற்றுகிறவளைப்போல் சொன்னாள். கிஞ்சல் எழும்பி வந்து டிலக்சனாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த தோடம்பழத்தில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டாள், அவ்வளவுதான்.

குடு என்று சொல்லலாமே என்றாள் டிலக்சனா. சொன்ன உடனே ஜெஸ்ரின் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். றொஜனும் அடக்க முடியாமல் சிரித்தான். ஊர்ப்பக்கத்தில் இப்போது குடு என்றால் போதைத் தூள்.

"குடு குடு எண்டு நீங்கள் கத்தினா, பாத்துக்கொண்டு நிக்கிற தமிழ் ஆக்கள் பொலிசுக்கு ஃபோன் அடிப்பினம்" என்றான் அவன். டிலக்சனா அழுத கண்ணோடு விக்கி விக்கிச் சிரித்தாள். மற்றவர்களுக்கு அதை மொழிபெயர்க்க முடியவில்லை, என்றாலும் அவர்களும் சிரித்தார்கள்.

ஹோடன்தான் கேட்டாள். எனக்குப் பந்து வேண்டும் என்றால் நான் என்ன சொல்ல வேண்டும்? எறி என்று இல்லை. எனக்கு என்று.

"தா" என்றாள் டிலக்சனா.

தா. ஒவ்வொருத்தியும் சொல்லிப் பார்த்தார்கள். கத்த நல்ல சொல். வாய் முழுக்கத் திறக்கிறது, காற்றில் தூரம் போகும், வேறு அர்த்தத்துக்கு இடமில்லை. ஜெஸ்ரினும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இந்தச் சொல்லை நான் வெளியில் நின்று கத்த முடியாது. பந்து வேண்டும் என்கிறவள்தான் கத்தலாம். எங்கே ஆளில்லை என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும், நீங்கள்தான் கேட்க வேண்டும். அப்படியென்றால் இனி எனக்கு வேலை இல்லை.

அப்படிச் சொல்லிவிட்டு எழும்பிக் கோட்டுக்குப் போனாள். இரண்டு கையையும் ஜக்கெட் பைக்குள் விட்டாள். வாயை மூடினாள்.

கடைசிப் பகுதியைத் தான் எப்படிப் பார்த்தான் என்று றொஜனால் பிறகு யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. கோயிலில் அண்ணை தம்பிமாரிடம் சொல்லும்போது, மழை பெய்யத் தொடங்கினதே தெரியாது என்று மட்டும் சொல்வான்.

முதலில் பிள்ளைகள் தடுமாறினார்கள். பழக்கத்தில் கோட்டுப் பக்கம் திரும்பி ஜெஸ்ரினைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. வாய் திறக்கத் துடிப்பதும், அவள் அதை விழுங்குவதும் தெரிந்தது. எதிரணி இன்னொரு கோல் போட்டது. அப்போதும் அவள் பேசவில்லை.

பிறகு எங்கிருந்தோ ஒரு "தா". தூரத்தில் கிஞ்சல். பந்து அவளிடம் போனது. அவள் பிடித்துத் திரும்புவதற்குள் இன்னொரு தா, வேறு குரல். பந்து அங்கே. அந்தப் பிள்ளை ஓடவில்லை, காது கொடுத்தாள். தா. தா. பந்தைக் கண்ணால் தொடர முடியவில்லை, சொல்லைக் காதால் தொடர முடிந்தது. வலமிருந்து இடம், இடமிருந்து நடு. எதிரணிப் பிள்ளைகள் பந்து இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது பந்து அங்கே இல்லை. கடைசியில் கோலுக்கு முன்னால் மெல்லிய ஒரு குரல், இன்னும் அழுகை காயாத குரல், "ஹோடன், தா."

ஹோடன் தந்தாள். டிலக்சனா பிடித்த பிடியிலேயே போட்டாள்.

மைதானத்தைச் சுற்றி நின்ற அந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோரும் கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் தன் மகளிடம், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டது றொஜன் காதில் விழுந்தது. றொஜன் மைதானத்தைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான். சத்தம் போடாமல், கை தட்டாமல், பைக்குள் கையை விட்டபடி நின்று அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி அவன் ஒரே ஒரு தரம்தான் கண்டிருக்கிறான். மகன் பிறந்து, கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்த அன்று.

இவளோடுதானா நான் இவ்வளவு காலமும் ஒரே வீட்டில் இருந்தேன் என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

விசில் ஊதியபோது யார் வென்றது என்று தெரியாமல் பக்கத்தால் ஓடி வந்த டிலக்சனாவிடம் கேட்டான்.

"ஒரு கோலால தோத்திட்டம், அங்கிள். நீங்க பாக்கேல்லையா?"

பிள்ளைகள் உடுப்பு மாற்றப் போனார்கள். றொஜன் வானில் ஏறி ஹீட்டரைப் போட்டான். ஜெஸ்ரின் தலை ஈரத்தோடு சாரதி யன்னலுக்குக் கிட்ட வந்தாள். அவளுக்குப் பின்னால் தூரத்தில் மிஸிஸ் பெல்லமி குடையோடு காத்துக்கொண்டு நின்றா.

"என்னப்பா சொல்லட்டும்?" என்றாள். "உங்களுக்கு அந்த வீடு பிடிச்சிட்டுது. வந்த உடனயே கண்டிட்டன், வானை எந்தப் பக்கம் பாத்து விட்டனீங்கள் எண்டு."

அவன் சொல்ல வேண்டியதை மூன்று கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்தான். முழங்கால், ஈரச் சுவர், நைட் பஸ், வயது. எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கோட்டுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பெண் கண்ணுக்கு முன்னால் நின்றாள்.

"நீர் சொல்லும், ஜெஸ்ரின்" என்றான். "நான் வான் ஓட்ட வந்தனான்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பாத பார்வை. பிறகு திரும்பிப் போனாள். கண்ணாடி வழியாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெஸ்ரின் பேசினாள், மிஸிஸ் பெல்லமி கேட்டா. தலையை ஆட்டினா, என்னவோ கேட்டா, பிறகு குடையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு ஜெஸ்ரினின் கையை இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தா, குடை சரிந்தது, இரண்டு பேரும் நனைந்தபடி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வைத்து என்ன பதில் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

அவள் வந்து அவனுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறினாள்.

"ஏலாது எண்டு சொல்லிட்டன்."

றொஜன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். அந்த வீட்டுக்குள் அவன் போட்ட கதிரை மேசை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஏன் என்று கேட்டான். கோபத்தில் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"இவ்வளவு வருசமாக் கத்திக் கத்தித்தான் பழக்கினனான். நான் கத்தாம அவை விளையாடி இண்டைக்குத்தான் முதல் தரம் பாத்தனான். ஒரு கால்மணித்தியாலம்." அவள் ஈரத் தலைமயிரைக் கையால் பிழிந்தாள். "எனக்குக் காணாதப்பா. இன்னும் பாக்கோணும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனா, திரும்ப முதல்ல இருந்து கத்தோணும்."

அவன் யோசித்தான். பிள்ளைகள் பாவம் என்று சொல்வாள், அரசாங்கப் பள்ளிக்கூடம், கடமை என்று ஏதும் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தான். அப்படிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு வாதாடியிருக்கலாம். ஆசைப்பட்டுச் சொல்கிறவளோடு என்ன வாதாடுவது.

"நல்ல வீடு" என்றான்.

"ஓம். நல்ல வீடு" என்றாள் அவளும். பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள், "நைட் பஸ்ஸை விடுறதுக்கு வேற வழி பாப்பம். இரண்டு பேருமா இருந்து பாப்பம். நான் அதை மறக்கேல்லை."

பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். ஈரச் சொக்ஸ் மணம், தோடம்பழ மணம், ஒரே கதை. தோற்ற அணி என்று யாரும் சொல்லமாட்டார்கள். யாரோ ஒருத்தி சிப்ஸ் வாங்க நிறுத்த வேண்டும் என்றாள், இன்னொருத்தி தன் தடியைக் காணவில்லை என்றாள், பிறகு அது காலடியிலேயே இருந்தது. றொஜன் எல்லாரும் பெல்ட் போட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்து, வானை மெதுவாக எடுத்தான். வாசலில் வந்து நிறுத்தினான். வந்த வழியில் இப்போது வீதி வேலை நடக்கிறது, வேறு வழியால்தான் போக வேண்டும். இருபத்தொரு வருடமாக லண்டன் வீதிகளில் பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சந்தியில் எந்தப் பக்கம் என்று நன்றாகவே தெரியும். என்றாலும் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"இடமோ வலமோ, மிஸ்?"

கேட்ட பிறகுதான் என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரிந்தது. பின்னால் டிலக்சனா தொடங்கி வான் முழுக்கச் சிரித்தது. ஜெஸ்ரின் சிரிக்கவில்லை. முகம் சிவந்து யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இடம்" என்றாள்.